தெளியாத பீர்

ரோதர்ஹாம் எஃகு ஆலையில் கிரேன் ஓட்டும் ஆர்னால்ட், வீட்டிலேயே பீர் காய்ச்சுவார். கிளாஸை ஜன்னலுக்கு நேரே உயர்த்திப் பிடிப்பார். எதிர்வீட்டுப் புகைபோக்கி பீரின் ஊடே தெளிவாகத் தெரிந்தால்தான் யாருக்கும் கொடுப்பார்.

இந்த முறை பீர் தெளிவேனா என்றது. கலங்கலை அடியில் படியவைக்கும் மீன்பசையை இரண்டாம் தடவையும் கலந்து பார்த்துவிட்டார்.

“பழைய பசையை என் தலையில கட்டிட்டான் கடைக்காரன், திருட்டுப் பய!”

மனைவியின் தம்பி கென் கிளாஸை வாங்கிப் பார்த்தான். ஆலையில் கீழே நின்று அவருடைய கிரேனுக்குக் கைகாட்டுபவன் அவன்தான்.

“பளிங்கு மாதிரி இருக்கு மச்சான். குடுக்க மனசில்லேன்னா நேராச் சொல்லிடுங்க.”

“கிண்டலாடா? சாக்கடை மாதிரி இருக்கு!”

“கிளாஸைக் கழுவித் தொலைங்க முதல்ல,” என்றாள் மனைவி டோரீன், அடுப்படியிலிருந்து.

ஆர்னால்ட் தேய்த்துக் கழுவினார். குழாய்த் தண்ணீரை நிரப்பி ஜன்னலுக்கு நேரே பிடித்தார். அதே கலங்கல். கிளாஸை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார். புகைபோக்கி இருந்த இடத்தில் மங்கலாக ஏதோ நின்றது.

“கிளம்புங்க மச்சான், ஷிப்டுக்கு நேரமாச்சு,” என்றான் கென். “ஆமா, நேத்து நான் நிறுத்துன்னு கை காட்டியும் எஃகுக் குழம்புக் கொப்பரையை எறக்கிட்டே இருந்தீங்களே, என்ன நெனப்பு?”

ஆர்னால்ட் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினார்.

“புகைடா,” என்றார். “புகை மறைச்சிடுச்சு.”

தொப்பியைத் தடவி எடுத்து மாட்டிக்கொண்டு அவன் பின்னால் நடந்தார்.