முட்டையா பூந்தூளா என்று சண்டை போட்ட நாட்கள்

கண்ணை மூடினால் இப்போதும் அந்த மஞ்சள் கலங்கல்தான் முதலில் தெரிகிறது. மைக்ராஸ்கோப்பில் எடுத்த மலத்தின் படம், கம்ப்யூட்டர் திரை முழுக்க. பக்கத்தில் ஸ்டெல்லா அக்காவின் டிபன் பாக்ஸிலிருந்து நெத்திலிக் குழம்பு வாசனை...

இரண்டையும் ஒரே நேரத்தில் பழகிக்கொண்ட இடம் அது. தண்டையார்பேட்டையில் ஒரு குடோனுக்கு மேல் மாடி. கீழே லாரி ரிவர்ஸ் எடுத்தால் எங்கள் மேசை ஆடும்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்த எனக்குக் கிடைத்த முதல் வேலை. சின்னப் பிள்ளைகளின் பரிசோதனைப் படங்கள் வரும். நாடாப்புழுவின் முட்டை தெரிந்தால் மவுஸால் அதைச் சுற்றிக் கட்டம் போட வேண்டும். எங்கள் கட்டங்களைப் பார்த்துப் பார்த்து, முட்டையைத் தானாகக் கண்டுபிடிக்க கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளுமாம்.

முட்டை உருண்டையாக, பழுப்பாக இருக்கும். தடித்த ஓடு, அதில் சோடா மூடி விளிம்பு மாதிரி வரி வரியாகக் கோடுகள். படம் தெளிவாக இருந்தால் உள்ளே ஆறு கொக்கிகள் தெரியும், குட்டித் தூண்டில் முள் போல. சிக்கல் என்னவென்றால், சாப்பாட்டோடு உள்ளே போய் வெளியே வந்த பூந்தூளும், அதாவது மகரந்தமும், சில நேரம் அதே மாதிரி இருந்து ஏமாற்றும்.

அதனால் அங்கே ஒரு வழக்கம். ஒரே படத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்போம். கட்டம் ஒத்துப்போகவில்லை என்றால் சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். முடியாவிட்டால் 'சந்தேகம்' பட்டனை அழுத்த வேண்டும், படம் டாக்டருக்குப் போகும்.

என் ஜோடி ராயபுரம் ஸ்டெல்லா அக்கா. அலைச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குடும்பம், குரல் அப்படி. நானோ...

"இன்னாமே, இத்த முட்டைன்னு போட்டுக்கீற? ஏன்னு சொல்லு."

"நீங்க சொல்றதே கரெக்டுக்கா."

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியேடி!"

ரூமே சிரித்தது. நான் குனிந்துகொண்டேன்.

ஒருநாள் எங்கள் மேனேஜர் மேடம் வந்து நின்றார். "நீங்க ரெண்டு பேரும் உக்காந்தா எப்பவும் ஸ்டெல்லா சொன்னதுதான் முடிவு. அப்புறம் எனக்கு எதுக்கு ரெண்டு பேர்? இந்த வாரத்தோட ட்ரெய்னிங் முடியுது... பார்க்கலாம்."

யார் போக வேண்டியிருக்கும் என்று எனக்குப் புரிந்தது. வீட்டில் அம்மா ஏற்கனவே இறால் உரிக்கிற கம்பெனியில் எனக்காகச் சொல்லி வைத்திருந்தார். எனக்கோ அந்த ஆடுகிற மேசையை விட்டுப் போக மனமே இல்லை.

மறுநாள் மங்கலாக ஒரு படம். நான் கட்டம் போட்டிருந்தேன், அக்கா போடவில்லை.

"பூந்தூள்மே இது. எட்த்துடு."

"இல்லக்கா."

"இன்னா இல்ல?"

"உள்ள கொக்கி மாதிரி கீதுக்கா."

"அது அழுக்கு."

"அப்ப ஓட்டுல கோடு கீதே?"

"கோடு இருந்தா முட்டையா? எங்க வூட்டாண்ட கடை ஷட்டர்லகூடதான் கோடு கீது!"

"முட்டையா இருந்து நாம வுட்டுட்டா, அந்தப் புள்ளைக்கு யாருக்கா மாத்திரை குடுப்பாங்க?"

கத்தியே விட்டேன் போல. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா நாற்காலியில் சாய்ந்து என்னையே பார்த்தார்.

"பாருங்கடி, இதுக்கு வாய் கீது! அமுக்குமே சந்தேகத்த. டாக்டரே சொல்லட்டும்."

டாக்டர் சொன்னார். பூந்தூள்!

அவ்வளவுதான், வேலை போச்சு என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மேடம் திரையைப் பார்த்துவிட்டு, "தப்புதான். ஆனா இப்பதான் ரெண்டு பேர் பார்த்த மாதிரி இருக்கு. திங்கட்கிழமை வந்துடு," என்றார். அக்கா உடனே, "ஜெயிச்சது நானு, வேலை இவளுக்கா? பஜ்ஜி வாங்கித் தாமே!" என்று என் முதுகில் ஒன்று வைத்தார்.

வாங்கித் தந்தேன். தின்றுகொண்டே அடுத்த படத்துக்கும் சண்டை போட்டோம்...

இப்போது அக்கா கல்யாணமாகி பெரம்பூர் போய்விட்டார். கம்ப்யூட்டரும் கற்றுக்கொண்டுவிட்டது. அதுவே கட்டம் போடுகிறது, நான் சரிபார்க்கிறேன். இது முட்டை இல்லை என்று அழித்தால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் ஏற்றுக்கொள்கிறது. நான் அழித்தது சரிதானா என்று எனக்குத்தான் உறுத்துகிறது.

மேடத்திடம் நானே போய்க் கேட்டேன், எனக்கு ஜோடியாக ஆள் வேண்டும் என்று. அடுத்த வாரம் எண்ணூரிலிருந்து ஒரு பெண் வருகிறாளாம்.

நல்ல வாயாடியாக இருக்க வேண்டும்.