அம்மன் அட்டைக்குள் இருந்த கதை

சனிக்கிழமைகளில் நான் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். மற்ற நாட்களில் சுவிற்சர்லாந்தின் ஷ்லீரன் ஊரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் கிழங்கு சீவுகிறேன். ஆனால் நாங்கள் இருக்கிற டீட்டிகோனில் என்னைத் தெரிந்த தமிழ்ச் சனம் எல்லாம் என்னை ‘ரீச்சர்’ என்றுதான் கூப்பிடும். அந்தச் சொல்லால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். பெற்றோர் கூட்டம் என்றால் எழும்பி நின்று கதைப்பதும் நான்தான்.

“படம் பாத்துப் பக்கம் தட்டுறது வாசிப்பில்லை. பிள்ளையளின்ரை கையில இருக்கிற யப்பான் மங்காவை வாங்கிப்போட்டு, எழுத்து உள்ள புத்தகமாக் குடுங்கோ” என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து, சொன்னதைச் செய்தும் காட்டினேன். என் மகள் அப்போது ஒரு மங்காத் தொடரின் நாலாவது பாகத்தில் இருந்தாள். “பெரிய பள்ளிக்கூடம் போற வயசில படக்கதையோ?” என்று கேட்டு அதைப் பறித்தேன். அவள் சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நூலகத்தில் திருப்பிக் கொடுக்கும் முன், உள்ளே பிள்ளைக்குக் கூடாத படம் ஏதும் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தேன். வினை அங்கேதான் தொடங்கியது.

ஊரில் நான் தலையணை மொத்தத்தில் நாவல் வாசித்தவள். சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் புத்தகம் விரித்து வைத்து அடி வாங்கியவள். இந்த நாட்டுக்கு வந்தபிறகு டொச், அதுதான் ஜெர்மன் பாஷை, படித்தேன், பரீட்சையும் எடுத்தேன். ஆனால் என் டொச் சமையலறை டொச். பள்ளிக்கூடத்துக் கடிதம் விளங்கும், வேலைத்தலத்தில் தலைமைச் சமையல்காரர் ஏசுவது நன்றாகவே விளங்கும். நாவல் என்று ஒன்றைத் திறந்தால் முதலாம் பக்கத்திலேயே வசனம் முடியாமல் நீண்டுகொண்டு போகும், வினைச்சொல் எங்கோ கடைசியில் படுத்திருக்கும், எனக்குக் கண் சொருகும். அப்படி எத்தனையோ புத்தகத்தைப் பாதியில் மூடியிருக்கிறேன். மங்காவில் அந்தத் தொல்லை இல்லை. ஆட்கள் கதைக்கிற மாதிரி இரண்டு வரி, பக்கத்திலேயே முகம். சொல் விளங்காவிட்டால் முகம் விளங்கியது. ரயிலில் போகவர வாசித்து அந்த நாலாம் பாகத்தை முடித்து மூடியபோது எனக்கு அழுகை வந்தது. இந்த நாட்டுப் பாஷையில் நான் முடித்த முதல் கதைப் புத்தகம் அதுதான்.

பிறகு முதலாம் பாகத்திலிருந்து என் நூலக அட்டையிலேயே இரவல் எடுத்தேன். பிள்ளைகள் பகுதியில் குனிந்து தேடுவேன். நூலகத்துப் பெண் “மகளுக்கா?” என்று கேட்பாள். “ஓம், மகளுக்கு” என்பேன்.

கதை ஒரு சின்ன ரயில் நிலையத்தில் நடக்கிறது. பயணிகள் மறந்து விட்டுப் போகும் சாமான்களைக் காக்கிற அறையில் ஒரு பெண் வேலை செய்கிறாள். மழை பெய்கிற நாட்களில் எல்லாம் ஒரு கிழவர் வந்து, தான் தொலைக்காத ஒரு கறுப்புக் குடையைக் கேட்கிறார். அவ்வளவுதான். அந்தக் கிழவருக்காக நான் மழையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன் என்றால் பாருங்கள்.

ரயிலில் தமிழ்ச் சனம் ஏறும். ரீச்சரின் கையில் படக்கதையைக் கண்டால் மானம் கப்பலேறும். கோயில் திருவிழாவில் தந்த பாட்டுப் புத்தகம் ஒன்று வீட்டில் இருந்தது. அதன் பிளாஸ்ரிக் அட்டையில் அம்மன் படம். கழற்றிப் போட்டுப் பார்த்தேன், மங்காவுக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது. அதன் பிறகு அம்மனின் மறைவில் தைரியமாக வாசித்தேன். ஒருநாள் எதிரில் இருந்த ஒரு அம்மா, “உங்களைப் பாத்துத்தான் நாங்கள் பக்தி பழகவேணும், ரீச்சர்” என்று சொல்லிப் புத்தகத்தைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கண்ணை மூடித் தலையாட்டினேன். அந்தப் பொய்த் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

போன வருடம் சரஸ்வதி பூசை வந்தது. எங்கள் வீட்டில் அன்று புத்தகங்களைக் கும்பத்துக்கு முன்னால் அடுக்கி வைப்போம். வைத்தால் பிறகு யாரும் வாசிக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமியில் பூசை முடித்து, மேலே இருக்கிற புத்தகத்தை எடுத்து நாலு வரி வாசித்த பிறகுதான் படிப்பு திரும்பத் தொடங்கும். அன்றைக்குச் சின்னப் பிள்ளைகளுக்கு ஏடும் தொடக்குவோம். பெரியவர் ஒருவர் பிள்ளையை மடியில் இருத்தி, விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதுவிப்பார்.

நான் குசினியில் வடை பொரித்துக்கொண்டிருந்த நேரத்தில், என் கணவர் பிள்ளையின் பாடப் புத்தகங்களை அடுக்கியிருக்கிறார். என் கைப்பை திறந்து கிடக்க, உள்ளே அம்மன் தெரிந்திருக்கிறார். சாமிப் புத்தகமாச்சே என்று எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, பட்டுத் துணியால் மூடிவிட்டார். மறுநாள் ரயிலில் பையைத் துழாவினேன், புத்தகம் இல்லை. ஏழாம் பாகம், முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. வேலைத்தலத்தில் உடுப்பு மாற்றுகிற இடத்தில் விட்டிருப்பேன் என்று தேடினேன். அங்கும் இல்லை.

அன்று பின்னேரம் வீட்டுக்கு என் கணவரின் தமையன் வந்திருந்தார். என் வகுப்பில் படிக்கிற ஒரு பிள்ளையின் தாய் தகப்பனும் தங்கள் கடைக்குட்டியைக் கூட்டி வந்திருந்தார்கள். “ரீச்சரின்ரை கையாலதான் ஏடு தொடக்கவேணும்” என்று ஒரு மாதத்துக்கு முன்பே கேட்டு வைத்தவர்கள். எனக்கு இந்த நாட்டில் கிடைத்த மரியாதைகளிலேயே பெரிய மரியாதை அது. புதுச் சேலை உடுத்தியிருந்தேன்.

தீபம் காட்டி முடிந்தது. தமையன் துணியை விலக்கினார். அம்மன் அட்டையைக் கண்டு இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றினார். “ஒரு பாட்டைப் பாடிப்போட்டுத் தொடங்குவம்” என்று சொல்லித் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாங்கள் புத்தகம் திறக்கிற பக்கத்தால் திறந்தார். வலமிருந்து இடமாக வாசிக்கிற யப்பான் புத்தகத்துக்கு அது கடைசிப் பக்கம். பிழையான பக்கத்தால் தொடங்குகிறவர்களை மறிக்க அதில் பெரிய எழுத்தில் ஒரு சொல் அடித்திருப்பார்கள். கண்ணாடி போடாத மனிதர், எழுத்தைக் கண்ட வேகத்தில் அதையே உரத்து வாசித்தார்.

“ஸ்டொப்!”

பிறகு பக்கத்தைத் தட்டினார். மழை, தண்டவாளம், குடை. வீட்டில் சாம்பிராணிப் புகை மட்டும்தான் அசைந்தது.

“ஆரின்ரை வேலை இது?” என்றார்.

நான் ஏடு தொடக்குவதற்கான அரிசித் தட்டோடு வாசலில் நின்றேன். வாய் திறக்கவில்லை. மகள் அட்டையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

“என்ரை, பெரியப்பா” என்றாள்.

“ரீச்சரின்ரை பிள்ளை செய்யிற வேலையோ? அம்மாளின்ரை படத்துக்குள்ள ஒளிச்சு வைச்சு வாசிக்கிறியோ?” என்று தொடங்கினார். பக்தி, படிப்பு, போன தலைமுறை பட்ட கஷ்டம் எல்லாம் வந்தது. பாதி வசனங்கள் நான் பெற்றோர் கூட்டத்தில் சொன்னவை. மகள் தலையைக் குனிந்துகொண்டு எனக்குரிய ஏச்சை வாங்கினாள். ஊருக்கடி உபதேசம் என்பது எனக்காகவே சொன்னது. நான் தட்டில் இருந்த அரிசியைத் திரும்பத் திரும்ப மட்டமாக்கிக்கொண்டு நின்றேன்.

வந்த தாய், பாவம், நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். “விடுங்கோ அண்ணை, பிள்ளையள்தானே. என்ன கதை தங்கச்சி அது?”

“ஒரு ஸ்டேசனில வேலை செய்யிற பொம்பிளை... மழை பெய்ஞ்சா ஒரு விசர்க் கிழவர் வந்து குடை கேக்கிறவர்” என்றாள் மகள். நாலாவது பாகத்தோடு நின்றவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

“அவர் விசரில்லை” என்றேன்.

என் குரல் எனக்கே வெளியில் இருந்து கேட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்று எத்தனை பிள்ளைகளுக்குப் படிப்பித்திருப்பேன். நிறுத்தியிருக்கலாம், முடியவில்லை. அந்த மனிதரை விசர், பைத்தியம் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. “அந்தப் பெட்டையின்ரை தகப்பன் ரயிலில அடிபட்டுச் செத்தவர். அந்த ரயிலை ஓட்டினது இவர்தான். அவளைப் பாத்துச் சொல்லவேணும் எண்டுதான் வாறார். வாயில வாறது குடைதான். விசரில்லை, வெக்கம்.”

தமையன் புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “உமக்கு எப்பிடித் தெரியும்?”

“நான்தான் வாசிக்கிறனான்.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்துத் தப்பியிருப்பேன். என் கணவர் தரையைப் பார்த்தார். வந்த தகப்பன் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, “நல்ல நேரம் முடியப்போகுது. பெரியவரே தொடக்கி விடட்டும், என்ன?” என்றார். தாய் என் முகத்தைப் பார்க்காமல் பிள்ளையைத் தூக்கித் தமையனின் மடியில் இருத்தினார். அரிசித் தட்டு என்னிடம் இருந்தது. நான்தான் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். அந்தச் சின்ன விரல் அரிசியில் ‘அ’ போட்டு முடிக்கும் வரை பக்கத்தில் நின்றேன்.

எல்லோரும் போனபிறகு குசினிக்குள் மகள் வந்தாள். அம்மன் அட்டையைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிச் சாமித் தட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். வெறும் மங்கா அவள் கையில் இருந்தது.

“இது ஏழாவது. அஞ்சும் ஆறும் எங்க?”

“திருப்பிக் குடுத்திட்டன்.”

“ரெண்டையும் வாசிச்சீங்களோ?”

“ஓம்.”

அவள் அதைத் திறக்கவில்லை. புத்தகத்தின் முதுகில் இருந்த இலக்கத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டு நின்றாள். எனக்கு அப்போதுதான் முழு வெட்கமும் வந்தது. கூடத்தில் பட்டது வெறும் அவமானம். இது வேறு. பிள்ளையின் கோப்பையில் இருந்ததைப் பறித்து, ஒளித்து வைத்து நான் தின்றிருக்கிறேன்.

“அவர் கடைசியில அவளிட்டைச் சொல்லுவாரோ?” என்று கேட்டாள்.

“தெரியாது. இதிலயே இன்னும் கொஞ்சம் கிடக்கு, எட்டாவது இன்னும் வரேல்லை.”

அவள் போகத் திரும்பினாள். குடையைப் பற்றி இன்னும் ஏதாவது சொல்லலாம் போல இருந்தது. அதை விழுங்கிவிட்டு, “உன்னை வாசிக்க வேண்டாம் எண்டு மறிச்சது என்ரை பிழை, பிள்ளை” என்றேன்.

பரவாயில்லை அம்மா என்பாள் என்று நினைத்தேன்.

“ஓம்” என்றாள்.