தற்காலிகம்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ‘ரீஸ்டார்ட்’ என்று பெயர். வைத்தவள் பக்கத்து மேசைக்காரியான நான்தான். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் சர்வர் செயலிழந்து விழும்போதெல்லாம் தூக்கி நிறுத்துவது அவர் வேலை. நோயாளிகள் பரிசோதனை முடிவுகளைப் போனில் பார்ப்பது அதன் வழியாகத்தான். காலை பத்து மணிக்கு முடிவு பார்க்கிறவர்கள் கூட்டம் கூடும், கூடியதும் விழும். மூன்று வருடமாக மனிதர் குளிக்கப் போனாலும் போனோடுதான் போகிறார்.

அவர் மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புகிறாள். அன்று காலையாவது போனை மறந்துவிட்டுத் தன்னோடு இருக்கும்படி கேட்டாளாம். சொல்லும்போதே அவர் முகம் வாடிவிட்டது. அந்த வாரம்தான், எதனால் விழுகிறது என்று தேட உட்கார்ந்தார்.

சர்வர் ஒவ்வொரு முடிவையும் முதலில் சுருக்கும், பிறகு பூட்டி அனுப்பும். பெட்டியில் துணியை அமுக்கி வைத்துப் பூட்டுகிற மாதிரி. சோதனை சர்வரில் சுருக்குவதை நிறுத்திப் பார்த்தார், விழவில்லை. பூட்டுவதை நிறுத்தினார், அப்போதும் விழவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் விழுந்தது. மூன்று நாள் கண் எரிய சர்வரின் பதிவுகளைப் படித்து, வியாழன் மதியம் கண்டுபிடித்தார். சுருக்குகிற மென்பொருள் உள்ளே இரண்டு இருந்தது, பழையது ஒன்று, புதியது ஒன்று. பூட்டுகிற பகுதி பழையதைப் பிடித்துக்கொள்ள, மற்றதெல்லாம் புதியதைப் பிடித்துக்கொண்டது. ஒரே உறையில் இரண்டு கத்தி.

பழையதன் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது: ‘தற்காலிகம். வெள்ளிக்கிழமை எடுத்துவிட வேண்டும்.’ மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. கீழே அவர் பெயர்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டவரைப் பார்த்துச் சிரித்திருக்கக் கூடாதுதான். பழையதை நீக்கிவிட்டு வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம் கூடியது. சர்வர் அசையவில்லை. பத்து பத்துக்கு அவர் வீட்டிலிருந்து கூப்பிட்டார். விழவில்லை என்றேன். பத்தேகாலுக்கு மறுபடியும் கூப்பிட்டார். பத்தரைக்கு, நான் எதையோ மறைக்கிறேன் என்றே முடிவுகட்டிவிட்டார். மகள் போனை வாங்கிக்கொண்டாள்.

“அத்தை, போன் அடிக்கலன்னு அவருக்கு இருப்பே கொள்ளல. இனி கூப்பிட்டா எடுக்காதீங்க. இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கு.”

நியாயம்தானே? அடுத்த முறை அடித்தபோது எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். நல்ல காரியம் செய்கிறோம் என்று மனதுக்குள் கொஞ்சம் பெருமை வேறு.

பதினொன்று ஐந்துக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. காலில் வீட்டுச் செருப்பு.

“ஏம்மா எடுக்கல? விழுந்துடுச்சா?”

“இல்லண்ணே. நல்லாத்தான் ஓடுது.”

திரையைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் தன் நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்தார்.

“கிளம்பியிருப்பா” என்றார்.