மச்சானுக்காக ஒரு மூச்சு

பேருந்துப் பணிமனையின் வாசலை ஒட்டி எட்டடிக்கு ஆறடியில் ஓர் அறை. உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி, கைப்பேசியைவிடச் சற்றே பருத்த ஒரு கருவி, டப்பா நிறையப் பிளாஸ்டிக் குழாய்கள், ஒரு பதிவேடு. இந்த அரியணையில் அமர்ந்து பதின்மூன்று ஆண்டுகளாக மனித குலத்தைக் காத்துவந்த ஒருவரின் சரித்திரம் இது. வண்டி எடுக்கப் போகும் ஒவ்வோர் ஓட்டுநரும் முதலில் அவர் எதிரே நின்று குழாயில் ஊத வேண்டும். திரையில் பச்சை வந்தால் வண்டிச் சாவி. சிவப்பு வந்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம். மூன்று சிவப்பு சேர்ந்துவிட்டால் வீட்டிலேயே இருந்துவிடலாம், வேலை போயிற்று.

ஓட்டுநர்கள் அவருக்கு இட்ட பெயர் ஊதுகுழல். ஐம்பதைத் தாண்டியவரை மொட்டையாக அப்படி அழைப்பது நமக்கு அழகல்ல. ஊதுகுழலார் என்றே சொல்வோம்.

ஊதுகுழலார் கடமையில் கறார். கிராம்பு மென்றுகொண்டு வருபவரைப் பத்தடி தூரத்திலேயே கண்டுகொள்வார். கன்னத்தை உப்பிக்கொண்டு மூச்சை மூக்கு வழியாக விடுபவரிடம், "கன்னம் மட்டும் டூட்டிக்கு வந்திருக்கு, நுரையீரல் லீவா? திரும்ப ஊதுங்க" என்பார். அரைகுறை மூச்சைக் கருவி ஏற்காது. ஆனால் முழு மூச்சு ஒருமுறை போய்விட்டால் போனதுதான். எண் நேராக மேலாளர் அறைக் கணினியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அழிக்கவும் முடியாது, அதே ஆள் அன்றைக்கு மறுபடி ஊதவும் முடியாது.

சிவப்பு வந்தவர்கள் சொல்லும் சமாதானங்களை அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். "அது என் மூச்சே இல்ல சார், முன்னாடி ஊதினவனோட மிச்சம்." "மெஷினுக்கு என்னைக் கண்டாலே ஆகாது சார்." "பெத்த தாய் மேல சத்தியமா இருமல் மருந்து சார்." இந்தக் கடைசி ரகத்தாரிடம் அவர் தனி அன்போடு விசாரிப்பார்: "எந்தக் கடையில வாங்கினீங்க? கம்பிக்கதவு வெச்ச கடையிலயா?"

இனி, சரித்திர நாயகரின் மறுபக்கம். மாலையில் ஊதுகுழலார் ஒரு குவார்ட்டர் எடுத்துக்கொள்வார். அது குடி அல்ல, ஓய்வு. காலையில் கை நடுங்கும். பதிவேட்டில் எழுத்து கோணலாக விழும். பதிவேட்டின் நலன் கருதி, வீட்டைவிட்டுக் கிளம்பும்போது இருமல் மருந்துப் பாட்டிலிலிருந்து இரண்டு மூடி. பாட்டிலில் இருந்தது இருமல் மருந்து அல்ல என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. மூடியால் அளந்து சாப்பிடுவது எதுவுமே குடியில் சேராது என்பது அவருடைய ஆராய்ச்சியின் முடிவு. பணிமனைக்கு வந்து சேர்வதற்குள் அது ஆவியாகிவிடும் என்பது இரண்டாவது முடிவு. கை எட்டும் தூரத்தில் கருவி இருந்தும் அந்த முடிவைச் சரிபார்க்க அவருக்கு நேரம் கிடைத்ததில்லை. சோதிப்பவரைச் சோதிக்க வேண்டும் என்று வேறு யாருக்கும் தோன்றவுமில்லை.

அவருடைய மனைவியின் தம்பி அதே பணிமனையில் ஓட்டுநர். கணக்கில் ஏற்கெனவே இரண்டு சிவப்பு. மகள் பிறந்த அன்று நிறுத்தியவர், இரண்டு ஆண்டுகளாகத் தொடவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருக்கு ஊதுகுழலாரின் உபதேசம் தவறாது. "மனசுல உறுதி வேணும் மச்சான். என்னைப் பாரு, என்னைக்காவது தடுமாறிப் பாத்திருக்கியா?"

மச்சான் பார்ப்பார். அக்காள் சமையலறைக்குள் பாத்திரத்தைக் கொஞ்சம் ஓசையாக வைப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு மச்சான் அறைக்குள் வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தன. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. தலை வாரவில்லை. பதின்மூன்று ஆண்டு அனுபவம் ஒரு நொடியில் தீர்ப்பு எழுதிவிட்டது.

"கதவைச் சாத்து" என்றார் ஊதுகுழலார்.

"அத்தான், நேத்து பாப்பாவுக்கு..."

"வாயைத் திறக்காத. ரூம் பூரா மணக்கும்."

"என்ன மணக்கும்?"

"யாருக்குக் காது குத்தற? மூணாவது சிவப்பு வந்தா என்ன ஆகும் தெரியுமில்ல? உங்கக்கா மூஞ்சிக்காகப் பண்றேன். இதுதான் கடைசி."

மச்சான் தடுப்பதற்குள், கருவியில் மச்சானின் பணி எண்ணைத் தட்டிப் புதுக் குழாயைச் செருகித் தாமே வாயில் வைத்துவிட்டார். மற்றவர்களுக்கு ஊதிக் காட்டாமலேயே பதின்மூன்று ஆண்டுகள் சேர்த்துவைத்த மூச்சு அது. அடிவயிற்றிலிருந்து, முறைப்படி, குறைவில்லாமல் ஊதினார்.

அறுபத்து நான்கு. சிவப்பு.

இருவரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு மச்சான் அவரைப் பார்த்தார். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான்... நீங்களா?"

"மெஷின்ல ஏதோ ரிப்பேர்."

மச்சான் கருவியைப் பிடுங்கி, வேறு குழாய் மாட்டி ஊதினார். 'இன்றைய பதிவு முடிந்தது' என்றது கருவி. அதற்கு உறவுமுறை தெரியாது.

பத்து மணிக்கு விசாரணை. பணிமனை மேலாளர் சத்தம் போடாத ஒரு பெண்மணி; அதனாலேயே எல்லாருக்கும் அவரிடம் பயம். மச்சான் நடந்ததை நடந்தபடி சொன்னார். குழந்தைக்குக் காய்ச்சல், தூக்கமில்லை, குடிக்கவில்லை, ஊதியது தான் அல்ல, அத்தான்.

விசாரணையைக் குறித்துக்கொண்டிருந்த எழுத்தருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "முன்னாடி ஊதினவன் மிச்சம்னு சொல்லுவாங்க மேடம். டெஸ்ட் பண்றவரே ஊதிட்டார்ங்கறது இப்பதான் புதுசா வந்திருக்கு."

மேலாளர் ஊதுகுழலாரிடம் திரும்பினார். "உங்க எதிர்லதானே ஊதினது?"

"என் எதிர்லதான் மேடம்."

ஆராய்ந்து பார்த்தால் இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. குழாய் அவர் மூக்குக்கு நேர் எதிரில்தான் இருந்தது. மச்சான் கத்தவில்லை, திட்டவில்லை. "அத்தான்" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். எழுத்தரின் மேசையில் இருந்த காகிதக் குத்தூசியை ஊதுகுழலார் மிகுந்த அக்கறையோடு கவனித்தார்.

பணிநீக்க உத்தரவு மறுநாள் மதியம் கையெழுத்தாகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மாலையில் மனைவி தம்பி வீட்டிலிருந்து நேராக வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பாப்பாவுக்கு நூத்தி மூணு டிகிரி. விடிய விடிய ஆஸ்பத்திரியில தோள்ல போட்டுக்கிட்டு நின்னிருக்கான். லீவு போட்டா மத்தவங்க தப்பா நெனப்பாங்கன்னு அப்படியே டூட்டிக்கு வந்திருக்கான்."

"மெஷின்ல வந்துடுச்சே. நான் என்ன பண்ண?"

"மெஷின்ல வாய் வெச்சது யாரு?"

ஊதுகுழலார் தண்ணீர் கேட்டார். கொடுத்தாள். குடித்தார். இன்னொரு தம்ளர் கேட்டார். அதையும் கொடுத்தாள். கேட்பதற்கு மூன்றாவதாக எதுவும் தோன்றவில்லை.

"அந்தப் பாட்டில்ல இருக்கறது மருந்துன்னு நான் நெனச்சிட்டிருக்கேன்னு நெனச்சீங்களா?" என்றாள். "ஏழு வருஷமா இருமலே வராத மனுஷனுக்கு இருமல் மருந்து. ஊர்ல இருக்கறவன் வாயெல்லாம் மோந்து பாக்கறீங்க. எனக்கு மூக்கு இல்லையா?"

"தெரிஞ்சா சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? பாட்டிலை மாத்தியிருப்பீங்க."

அது உண்மை. எந்தப் பாட்டிலுக்கு மாற்றியிருப்பார் என்பதுகூட அந்தக் கணமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் அவரை அதிகமாகக் கூச வைத்தது.

மறுநாள் காலை மேலாளர் அறைக்குப் போகத் துணிச்சல் வேண்டியிருந்தது. துணிச்சலுக்காக இரண்டு மூடி எடுத்துக்கொண்டார். இதை மறைத்துவிட்டு அவரைத் திருந்திய மகானாகக் காட்டலாம்தான். ஆனால் எடுத்துக்கொண்டார் என்பதே உண்மை.

"நேத்து ஊதினது நான்தான் மேடம். அவன் மேல தப்பில்ல" என்றார்.

எழுத்தர் குறுக்கே வந்தார். "மச்சானைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றார் மேடம். நேத்து வேற மாதிரி சொன்னாரு. ஆதாரம் வேணுமில்ல?"

ஊதுகுழலார் கையோடு கொண்டுவந்திருந்த கருவியை எடுத்து, தம் பெயரைத் தட்டி, இருவர் எதிரிலும் ஊதினார். ஐம்பத்தெட்டு. ஆதாரம் என்று வந்துவிட்டால் இதைவிடக் கெட்டியான ஆதாரம் வேறென்ன இருக்க முடியும்? எழுத்தர் சிரிக்க வாயைத் திறந்து, மேலாளர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். ஓட்டுநர் குடித்திருந்தால் ஒரு விதி, நடத்துநர் குடித்திருந்தால் ஒரு விதி. ஊதச் சொல்பவர் குடித்திருந்தால் என்ன என்று எழுதியவருக்குத் தோன்றவில்லை. நல்ல உள்ளம் படைத்தவர் போலும்.

மேலாளர் மச்சானின் உத்தரவைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். பிறகு நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்க. குடிச்சிட்டு வர்றவங்க இன்னும் எத்தனை பேர்?"

"பேர் கேக்காதீங்க மேடம்."

"பேர் வேண்டாம். எத்தனைன்னு சொல்லுங்க."

"பத்துப் பன்னண்டு இருக்கும்." தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "யாரும் குடிக்கறதுக்குப் பயப்படல மேடம். சிவப்புக்குத்தான் பயப்படறாங்க. அதனால குடிக்கறதை விடல, மெஷின் ஏத்துக்கற மாதிரி, ஆனா சிவப்பு வராத மாதிரி ஊதறதைக் கத்துக்கிட்டாங்க. எனக்கே டிமிக்கி கொடுத்துட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிருக்காங்க. ஒவ்வொரு வண்டியிலயும் அறுபது பேரு. இத்தனை நாள் நான் பிடிச்சதைத்தான் எண்ணிட்டிருந்தேன். விட்டதை எண்ணினதே இல்ல."

ஒரு வாரம் கழித்து அறிவிப்புப் பலகையில் புதுக் காகிதம் ஏறியது. குடித்துவிட்டு வந்தவர் ஊதுவதற்கு முன்பே தாமாகச் சொன்னால் சிவப்பு கிடையாது. அன்றைக்கு வண்டியும் கிடையாது, பணிமனைக்குள்ளேயே வேலை. வாரம் ஒருமுறை மருத்துவர். சொல்லாமல் ஊதிச் சிக்கினால் பழைய விதிதான்.

"அப்போ குடிச்சா ஓய்வு, குடிக்காதவனுக்கு டூட்டியா? நல்ல நியாயம்டா!" என்று சிரித்தார்கள். பெரிய மீசைக்கார ஓட்டுநர் ஒருவர்தான் உரக்கச் சிரித்தவர். சிரித்தார்களே தவிர, சொல்ல ஒருவரும் வரவில்லை.

அந்தத் திட்டத்தின் முதல் பயனாளியும் ஒரே பயனாளியும் ஊதுகுழலார்தான். வண்டி கழுவும் இடத்துக்கு மாற்றினார்கள்; அவருடைய நாற்காலிக்கு வேறொருவர் வந்தார். மருத்துவர் அவரிடம், ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு தாங்காது, மருந்தோடு படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்றார். "அளந்து தர்றேன்" என்றும் சொன்னார். ஒரு நல்ல ஆராய்ச்சியாளருக்கு இதைவிட அவமானம் வேண்டாம்.

முழங்கால் வரை மடித்துவிட்ட கால்சட்டையோடு குழாயைப் பிடித்து நிற்பவரைப் பார்த்துப் போகிறவர் வருகிறவரெல்லாம், "என்னண்ணே, எந்நேரமும் தண்ணியிலயே இருக்கீங்க!" என்பார்கள். அவர் சக்கரத்தைக் கழுவுவார். மச்சான் தம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார். மறுபக்கமாக இறங்கி, "முன் கண்ணாடியில கறை இருக்கு, யாராவது தொடைங்கப்பா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவார். அங்கே நிற்பது ஊதுகுழலார் ஒருவர் மட்டுமே. அந்தக் கண்ணாடியை மட்டும் அவர் மூன்று முறை துடைப்பார்.

பத்தொன்பதாம் நாள் காலை, ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், மீசைக்காரர் கழுவுமிடத்துப் பக்கம் வந்தார். வண்டியின் பின்சக்கரத்தை ஏதோ புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொன்னா சிரிப்பாங்களாண்ணே?" என்றார் சக்கரத்திடம்.

"சிரிப்பாங்க."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியல. எனக்கு இன்னும் நிக்கல."

"அப்புறம் எதுக்கு நான் போய்ச் சொல்லணும்?"

அதற்குச் சொல்ல ஊதுகுழலாரிடம் உபதேசம் ஏதும் கைவசம் இல்லை. குழாயை மூடினார். "நேத்து சாயங்காலம் நீங்க வண்டியை உள்ள கொண்டுவந்தப்ப நான் இங்கதான் நின்னுட்டிருந்தேன். அந்தத் தூணுக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு விரல் இடம்தான் இருந்துச்சு."

மீசைக்காரர் தூணைப் பார்த்தார். கை மீசைக்குப் போய், பாதியில் இறங்கிவிட்டது.

"வாங்க, நானும் கூட வர்றேன்" என்றார் ஊதுகுழலார். "என்னைப் பாத்து முதல்ல சிரிச்சுக்குவாங்க. உங்களுக்குக் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும்."

ஈரக்காலோடு முற்றத்தைக் கடந்தார். இரண்டடி பின்னால் மீசைக்காரர். அறை வாசலில் ஊதுவதற்கு ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். யாரோ தொண்டையைச் செருமினார். யாரோ உண்மையாகவே சிரித்தார். வரிசையில் மூன்றாவதாக மச்சான் நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை. இருவரும் உள்ளே போவதற்கு வழிவிட்டு ஓரடி தள்ளி நின்றார். ஊதுகுழலார் தலையைத் தூக்காமலே அந்த இடைவெளி வழியாக நுழைந்தார்.