உயிரோடிருக்க இரண்டு வீட்டுச் சாட்சி

ஒஸ்லோவில், புருசெத்தில் ஒரு அடுக்குமாடியின் நிலவறையில் எங்கள் தமிழ்ப் பத்திரிகை நடந்தது. எந்தச் சங்கத்தின் காசும் எந்தக் கோயிலின் காசும் அதில் இல்லை. அதனால் உட்காரக் கதிரைகளும் சரியாக இல்லை. செய்திகளைச் சரிபார்ப்பது என் வேலை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதை ஏன் தந்தார்கள் என்றால், வீட்டைப் பூட்டி ரயிலடி வரை போய், அடுப்பை அணைத்தேனா என்று திரும்பி ஓடி வருகிறவன் நான். "உம்மைப்போலப் பயந்தாங்கொள்ளிதான் எங்களுக்கு வேணும்" என்றார் பத்திரிகை ஆசிரியர்.

விதி ஒன்றுதான். தங்களுக்குள் கதை பேச்சில்லாத இரண்டு வீடுகள் ஒரே விஷயத்தைச் சொன்னால்தான் அது அச்சுக்குப் போகும். ஒஸ்லோத் தமிழருக்குள் அப்படியான வீடுகளுக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை.

ஒரு மார்கழிப் பின்னேரம், பக்கங்கள் அச்சகத்துக்குப் போகவிருந்த நேரம், நோர்வேயின் வடகோடியில் ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவர் காலமாகிவிட்டார் என்று ஒஸ்லோவில் ஹொல்ம்லியாப் பக்கத்து வீடு ஒன்று சொன்னது. ஒரு கல்யாணப் பந்தியில் அந்த வீட்டோடு முறித்துக்கொண்ட இன்னொரு வீட்டைக் கேட்டேன். அவர்களும் ஓம் என்றார்கள். ஆசிரியர் மரண அறிவித்தலுக்குக் கறுப்புக் கட்டம் போட்டுவிட்டார்.

எனக்கு அது போதவில்லை. பத்திரிகை இணையத்திலும் போகும். காலமானவரின் தாய் யாழ்ப்பாணத்தில் இருந்தா. பொய்யென்றால் அந்த மனுசி என்ன ஆவா? செத்தவரின் வீட்டுக்கே தொலைபேசி எடுத்தேன். மனைவியிடம் எப்படிக் கேட்பதென்று பலவிதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். எடுத்துப் பேசியதோ செத்தவரே.

"அண்ணை, நீங்கள்... சுகமோ?"

"போன கிழமை ஒரு இருமல். காலமை துடக்கம் சனம் போன் அடிச்சு, என்ரை குரலைக் கேட்டதும் வைக்குது. நீர் ஆர்?"

உண்மையைச் சொன்னேன். "என்ன படம் போட்டனீங்கள்?" என்றார். மீசை வைத்த படம் என்றேன். "அது பரவாயில்லை" என்றவர், பனி தள்ள வேணும் என்று வைத்துவிட்டார்.

ஆசிரியர் அசையவில்லை. "செத்ததெண்டு ரெண்டு வீடு சொல்லுது. உயிரோடை எண்டு ஒரு வீடுதானே?"

"அவரே சொல்லுறார் அண்ணை."

"அவர் தன்ரை பக்கத்தைத்தானே சொல்லுவார். அவரோடை கோவமான ஆக்கள் ஆரும் அங்கை இல்லையோ?"

திரும்ப எடுத்தேன். இம்முறை மனைவி. பக்கத்து வீட்டுத் தமிழரின் இலக்கத்தைத் தந்து, "நான் தந்ததெண்டு சொல்லிப்போடாதேங்கோ" என்றா.

பக்கத்து வீட்டுக்காரர் முதலில் கோபப்பட்டார். "உந்தாளைப் பற்றி என்னட்டையே கேக்கிறியள்?" பிறகு எழும்பி யன்னலடிக்குப் போயிருக்க வேண்டும். "உயிரோடைதான் கிடக்கு. இந்தா, வாசல் லைட்டைப் போட்டுட்டு, தன்ரை பனியை அள்ளி என்ரை பக்கம் கொட்டுது."

"ஆளை நல்லாய்த் தெரியுதோ?"

"தம்பி, வருஷக்கணக்காய்ப் பாக்கிறன். உந்த அள்ளல் வேறை ஒருத்தருக்கும் வராது."

ஆசிரியர் கறுப்புக் கட்டத்தை எடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் தொலைபேசியை இன்னும் வைக்கவில்லை. அவருடைய முறைப்பாடு வேலியில் தொடங்கி, கார் நிறுத்தும் இடத்துக்கு வந்து, மறுபடியும் பனிக்குப் போனது. நானும் "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.