காய்ந்த திரி

போன செவ்வாய்க்கிழமை காலை, கோவில்பட்டிக்குப் பக்கத்தில் பட்டாசு யூனிட் வைத்திருக்கும் நண்பர் சண்முகராஜைப் பார்க்கப் போயிருந்தேன். ஆடிக் காற்று கரிசல் புழுதியை வாரி முகத்தில் அடித்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை.

மருந்து கலக்கும் அறைக்கு வெளியே, சுவரில் இரண்டு தெர்மாமீட்டர்கள் ஜோடியாகத் தொங்கும். ஒன்று சாதாரணம். இன்னொன்றின் அடியில் ஒரு துணித்திரி. அதன் நுனி தண்ணீர்ப் புட்டிக்குள் கிடக்கும். திரியின் ஈரம் உலர உலர, அந்தத் தெர்மாமீட்டர் குளிர்ந்து இறங்கும். இரண்டுக்கும் வித்தியாசம் கூடினால் காற்று காய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். காய்ந்த காற்றில் உடம்பில் ஸ்டாட்டிக் கரண்ட் சேரும்; அதன் ஒரு பொறி போதும்... அன்றைக்கு மருந்தைத் தொடக் கூடாது.

அன்று இரண்டும் ஒரே அளவு காட்டின. காற்றில் ஈரம் நிறைய இருக்கிறது, ஆரம்பிக்கலாம் என்றார் நண்பர்.

மருந்து கலக்கும் மாரியம்மாள் வந்தார். உள்ளே போகுமுன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும் — உடம்பில் சேர்ந்த கரண்ட் தரைக்குப் போய்விட. தொட்டவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"சுருக்குங்குது அண்ணாச்சி. நான் உள்ள போவ மாட்டேன்."

நண்பர் மீட்டரைக் காட்டினார். ஆர்டர் நிற்கிறது என்றார். நானும் சும்மா இருந்தேனா? விஞ்ஞானத்தைவிட உங்கள் விரல் பெரிதா என்று கேட்டுச் சிரித்தேன்.

மாரியம்மாள் சிரிக்கவில்லை. "மீட்டரா உள்ள போவுது? நாந்தான போறேன்."

அவருக்குப் பின்னால் வந்த மூன்று பெண்களும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

நண்பர் கோபமாகப் போய்த் திரியைத் தொட்டார். முகம் மாறிவிட்டது. திரி மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. புட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. திரியே காய்ந்துவிட்டால் இரண்டும் ஒரே அளவு காட்டாமல் என்ன செய்யும்?

தண்ணீரைக் கொட்டியது யார்?

"நாந்தான்" என்றார் நண்பர், என்னைப் பார்க்காமல். "டெங்கு செக்கிங்குக்கு வாராவன்னு, நேத்து தேங்குன தண்ணியெல்லாம் கொட்டுனேன். இதையும் சேத்து."

புட்டியை நிரப்பிவிட்டு நின்றோம். திரி நனைந்தது. தெர்மாமீட்டர் இறங்க ஆரம்பித்தது... இறங்கிக்கொண்டே இருந்தது. மாரியம்மாள் மறுக்காவிட்டால், இந்நேரம் அந்த அறைக்குள் நான்கு பேர் இருந்திருப்பார்கள். நண்பர் அறையைப் பூட்டி, சாவியை மாரியம்மாள் கையில் கொடுத்தார்.

அன்று அந்த யூனிட்டில் ஒழுங்காக வேலை செய்த ஒரே கருவி, அந்த அம்மாவின் விரல்நுனி. அதைப் பார்த்துச் சிரித்த புத்திசாலியை உங்களுக்கும் தெரியும் — வாராவாரம் இந்தப் பக்கத்தில் எழுதுகிறவர்தான்.