துணி மெஷினுக்கு வைத்தியம்

எண்பதுகளின் நடுவில் போடியில் எங்கள் தெருவுக்கு முதன்முதலாகத் துணி துவைக்கும் மெஷின் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். மதுரையில் இருந்த என் அண்ணன், என் கையைப் பார்த்துவிட்டு லாரியில் ஏற்றி அனுப்பினான். என் வீட்டுக்காரருக்கு மலையில் ஏலத்தோட்டம். சனிக்கிழமை இறங்கி வரும்போது ஒரு சாக்கு நிறைய அழுக்குத் துணி கொண்டுவருவார். சேறு, செடிக் கறை, அட்டை கடித்த ரத்தம் எல்லாம் அதில் இருக்கும். அதையெல்லாம் தேய்த்துத் தேய்த்து என் விரல்கள் வெடித்துப்போய், சோற்றில் கை வைத்தாலே உயிர் போகும்.

மெஷின் வந்த கொஞ்ச நாளில் கை ஆறிவிட்டது. உண்மையைச் சொன்னால், புருஷனைவிட அந்த மெஷின் மேல்தான் எனக்குப் பிரியம் அதிகம். மாமியாருக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஆத்தங்கரைக்குப் போனா நாலு சேதி தெரியும். இதுக்கிட்ட நின்னா என்னடி தெரியும்?" என்பார்.

திருவிழாவுக்காகச் சிலமலையில் அம்மா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்தேன். வந்து சுவிட்சைப் போட்டால் மெஷின் உறுமுகிறது, சுற்ற மாட்டேன் என்கிறது. கருகல் வாடை வேறு.

"ரிப்பேரா? வேணாம்" என்றார் வீட்டுக்காரர். "அது சீக்காளி. ஒருக்கா வைத்தியம் பார்த்தா நித்தம் பார்க்கணும். மோட்டாரைக் கழட்டி மருந்தடிக்கிற பம்புக்கு மாட்டிக்கிறேன்."

"தொட்டிய எனக்குக் குடுத்துரு அப்பு. தவிடு கொட்டி வைக்க ஆகும்" என்றார் மாமியார்.

உயிர் போகுமுன்னே பாகம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். என் கை என்னாவது என்று கேட்டேன்.

"ஊருல எல்லாப் பொம்பளையும் கையாலதான துவைக்கிறா?" என்றார் அவர். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நானே போய் மோட்டார் ரிப்பேர் கடைக்காரரைக் கூட்டிவந்தேன்.

அவர் மெஷினைக் கவிழ்த்து, அடியில் சுழலும் தட்டைக் கழற்றினார். காய்ந்த காம்பும் தூசியும் உடைந்த ஏலக்காயுமாகக் கொட்டியது. வீடே பாயசம் காய்ச்சினதுபோல மணத்தது.

"அக்கா, பெல்ட்டு கருகிப்போச்சு. துணியத் துவைச்சீகளா, காயத் துவைச்சீகளா?" என்றார்.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் உத்தரத்தைப் பார்த்தார். உலர்ந்த ஏலக்காயை விற்குமுன் சாக்கில் போட்டுக் கசக்கிக் காம்பை உதிர்க்க வேண்டும். அதற்கு வரும் பெண்கள் அந்த வாரம் வரவில்லையாம். துணியைச் சுற்றுவது காயைச் சுற்றாதா என்று, நான் இல்லாத நேரம் பார்த்து மெஷினில் கொட்டி ஓட்டியிருக்கிறார், தோட்டத்து மகராசா.

கொஞ்சமாவது வெட்கப்படுவார் என்று பார்த்தேன். அவர் கீழே கிடந்த ஒரு காயை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"காம்பு சுத்தமா உதிர்ந்திருக்கு பாரேன்" என்றார். கடைக்காரர் பக்கம் திரும்பி, "பெல்ட்டு எங்கண்ணே கெடைக்கும்? மதுரையிலயா? வெரசா வாங்கிட்டு வாங்க" என்றார்.

அதுவரை சீக்காளியாக இருந்த மெஷினுக்கு அந்த நிமிடத்தில் வைத்தியம் பார்க்கலாம் என்று ஆகிவிட்டது. பெல்ட் வந்தது, மெஷின் சுற்றியது. சுற்றிய கையோடு, ஏலக்காய் மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கிக்கு மெஷின் போய்விட்டது.

நான் சண்டை போடவில்லை. சனிக்கிழமை வந்த சாக்கை அவிழ்க்கவே இல்லை, அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை வந்த சாக்கை அதன் மேலேயே வைத்தேன். மாமியாருக்கு அன்றைக்கென்று பார்த்து முழங்கால் வலி வந்துவிட்டது. மூன்றாம் திங்கட்கிழமை வீட்டுக்காரர் கட்டிக்கொள்ள வேறு துணி இல்லாமல், கல்யாணத்துப் பட்டு வேட்டியோடு தோட்டத்து ஜீப்பில் ஏறினார். யாருக்கு முகூர்த்தம் என்று ஜீப்பு முழுக்கக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

மலையிலிருந்து வந்ததும் முதல் சோலியாகக் கிட்டங்கிக்குப் போய் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். எனக்காகத்தான் கொண்டுவந்தாரோ என்று ஒரு நிமிடம் மனசு இளகிவிட்டது. அவர் வேட்டியை விரித்து, கரையில் படிந்த கறையை என்னிடம் காட்டினார்.

"பாரு, எப்படி வீணாப் போச்சு" என்றார். குரல் தழுதழுத்தது. என் கை வெடித்து ரத்தம் வந்த வருஷங்களில் ஒருநாளும் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.